விருந்தாளிக் கணக்கு முரண்டு பிடித்தால்: எஸ்.இ.லினக்ஸ் பிழை நீக்கம், அறிகுறி வாரியாக

ரங்கூனில் எங்கள் கோயிலின் பின்கட்டில் மாலை வேளையில் தமிழ் வகுப்பு நடக்கிறது. அங்கே ஐந்து பழைய கணினிகள். நான்கு பிள்ளைகளுக்கு. ஐந்தாவது, வாசலை ஒட்டிய மேசையில், வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும். மகனுக்கு மெயில் அனுப்ப ஒருவர் வருவார், விண்ணப்பம் நிரப்ப ஒருவர் வருவார், சாமி கும்பிட்டுவிட்டுச் சும்மா வீடியோ பார்க்க ஒருவர் உட்காருவார். யாரிடமும் பெயர் கேட்பதில்லை, கடவுச்சொல்லும் இல்லை. மற்ற நான்கையும்விட இந்த ஒன்றுதான் என்னைப் படுத்தி எடுத்தது.

ஐந்திலும் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை. வாசல் கணினியின் விருந்தாளிக் கணக்கைக் கட்டி வைத்திருப்பது எஸ்.இ.லினக்ஸ் என்ற காவல். பெகுவிலும் மோல்மேனிலும் இதே மாதிரி அமைத்தவர்கள், ஏதாவது நின்றுபோனால் எனக்கு ஃபோன் பண்ணுவார்கள். ஒருவர் வாசிக்க, மறுமுனையில் ஒருவர் தட்ட, அப்படித்தான் பிழை தீரும். இந்தக் குறிப்பும் அப்படிப் பேசிப் பேசி வளர்ந்ததுதான். ஆகவே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்பாகவே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் முதல் சில எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்துங்கள், முனையமே (கட்டளை தட்டும் திரை) முடித்துக் கொடுக்கும். எல்லாம் ரூட்டாக, அதாவது கணினியின் முழு அதிகாரமுள்ள கணக்கில் இருந்து, செய்ய வேண்டியவை.

அறிகுறிகளுக்குப் போகும் முன் இது என்ன பூட்டு என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். சாதாரண லினக்ஸ் அனுமதி, கோப்பின் சொந்தக்காரர் கையில் இருக்கிறது. அவர் நினைத்தால் எல்லோருக்கும் திறந்துவிடலாம். கட்டாய அணுகல் கட்டுப்பாடு வேறு. கோயில் மடப்பள்ளிக்குள் வெளியாள் வரக்கூடாது என்றால், சமையல்காரரே கூப்பிட்டாலும் வரக்கூடாது. விதியைத் தளர்த்த அவருக்கு அதிகாரம் இல்லை. எஸ்.இ.லினக்ஸ் அந்த மாதிரி. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்டது, 2003இல் லினக்ஸின் மையமான கெர்னலின் 2.6 வரிசைக்குள் சேர்ந்தது. ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும், வட்டில் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். இந்த லேபிளுள்ள நிரல் அந்த லேபிளுள்ள கோப்பைத் தொடலாமா என்று கெர்னல் விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லும். விதியில் இல்லாதது எல்லாம் மறுப்பு.

எனக்கு வந்த ஃபோன்களில் பெரும்பாலானவை விதியில் குறை இருந்து வந்தவை அல்ல. லேபிள் தப்பாக ஒட்டியிருந்தது, அல்லது ஆள் தப்பான வாசலால் உள்ளே வந்திருந்தார். அதனால் விதியில் கை வைப்பதை நான் எப்போதும் கடைசிக்குத் தள்ளிவிடுவேன்.

கட்டுப்பாடே இல்லை: விருந்தாளி சூடோ போட்டு ரூட் அதிகாரம் எடுக்கிறார், எங்கும் போகிறார்

விருந்தாளியாக நுழைந்து முனையத்தில் 'ஐடி -இசட்' என்று தட்டுங்கள். இசட் பெரிய எழுத்து. 'எக்ஸ்கெஸ்ட்_யு' என்றோ 'கெஸ்ட்_யு' என்றோ தொடங்கினால் கட்டு இருக்கிறது. 'அன்கன்ஃபைன்ட்_யு' என்றால் கணக்கின் பெயர் மட்டும்தான் விருந்தாளி, ஆள் கட்டவிழ்த்த காளை.

ஃபெடோராவில் புதிதாக உருவாக்கும் கணக்கெல்லாம் இயல்பில் கட்டில்லாததுதான். லினக்ஸ் பெயரை எஸ்.இ.லினக்ஸ் பெயரோடு நாம்தான் முடிச்சுப் போட வேண்டும்:

செமேனேஜ் லாகின் -ஏ -எஸ் எக்ஸ்கெஸ்ட்_யு (கணக்கின் பெயர்)

முன்பே முடிச்சு இருந்து மாற்றுவதென்றால் '-ஏ' இடத்தில் '-எம்'. யார் யாருக்கு என்ன முடிச்சு என்று பார்க்க 'செமேனேஜ் லாகின் -எல்'. அதன் பிறகு அந்த வீட்டு அடைவின் லேபிள்களையும் புதுப் பெயருக்கு மாற்றுங்கள்: 'ரிஸ்டோர்கான் -ஆர் -எஃப் -வி /ஹோம்/(பெயர்)'. ஆரும் எஃப்பும் பெரிய எழுத்து. எஃப்பை விட்டுவிட்டால் லேபிளின் முதல் பகுதி பழையபடியே நிற்கும்.

முடிச்சுப் போட்டும் பழையபடியே காட்டுகிறதா? இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, விருந்தாளியின் பழைய அமர்வு இன்னும் உயிரோடு இருக்கிறது. முடிச்சு நுழையும்போதுதான் பிடிக்கும். 'லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் (பெயர்)' போட்டுவிட்டு மறுபடி நுழையச் சொல்லுங்கள். இன்னொன்று, நான் பல நாள் ஏமாந்தது: ரூட்டாக இருந்தபடியே 'எஸ்யு' போட்டு விருந்தாளியாக மாறிச் சோதித்தேன். எஸ்யு லினக்ஸ் பெயரை மாற்றும், எஸ்.இ.லினக்ஸ் லேபிளை மாற்றாது. ரூட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டே விருந்தாளி மாதிரி நடித்த கதை. நுழைவுத் திரை வழியாக வந்து சோதித்தால்தான் அது சோதனை.

உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகை வைத்திருக்கும் மண்டலைக்காரர் ஒருவர், "எங்களிடம் கெஸ்ட் செஷன் காணோமே" என்று கேட்டார். அதற்கும் இதே கோளாறுதான் காரணம். அங்கே விருந்தாளி அமர்வைக் கட்டுவது ஆப்ஆர்மர் என்ற இன்னொரு காவல். 16.10 பதிப்பில் அமர்வுகள் சிஸ்டம்டி என்ற சேவை மேலாளர் வழியாக ஓடத் தொடங்கியபோது அந்தக் கட்டு விருந்தாளிமேல் விழாமலே போய்விட்டது. விருந்தாளியாக நுழைந்தவர் மற்றவர் வீட்டு அடைவுகளைத் திறந்து பார்க்க முடிந்தது. 2017இல் அது வெளியே தெரிந்ததும் விருந்தாளி அமர்வையே அணைத்துவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் கட்டியதே அவிழ்ந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பெரிய மேம்படுத்தலுக்குப் பிறகும் நான் ஒரு தடவை 'ஐடி -இசட்' பார்த்துவிடுவேன்.

நுழைந்த உடனே நுழைவுத் திரைக்கே திரும்பிவிடுகிறது

'எக்ஸ்கெஸ்ட்_யு' போட வேண்டிய இடத்தில் 'கெஸ்ட்_யு' போட்டிருப்பீர்கள். ஒரு எழுத்துதான் வித்தியாசம். கெஸ்ட்_யுவுக்கு முனையம் மட்டும்தான், வரைகலைத் திரையும் இல்லை, வலைத் தொடர்பும் இல்லை. எக்ஸ்கெஸ்ட்_யுவுக்குத் திரை உண்டு, வலையில் உலாவிக்குத் தேவையான வழிகள் மட்டும் உண்டு. சூடோவும் எஸ்யுவும் இரண்டுக்கும் கிடையாது. பிள்ளைகளுக்கு நான் 'யூசர்_யு' வைத்திருக்கிறேன்: வலை, திரை எல்லாம் உண்டு, சூடோவும் எஸ்யுவும் மட்டும் ஓடாது.

முடிச்சைத் திருத்தியும் திரும்பித் திரும்பி வந்தால் வீட்டு அடைவின் லேபிள் கெட்டிருக்கலாம். மேலே சொன்ன ரிஸ்டோர்கானை இன்னொரு முறை ஓட்டுங்கள்.

நேற்றுவரை கடவுச்சொல் கேட்காத கணக்கு இன்று கேட்கிறது

இந்த அறிகுறிமேல் எனக்குத் தனிப் பாசம். ஃபெடோராவில் 'எக்ஸ்கெஸ்ட்' என்ற தொகுப்பை நிறுவினால் அதே பெயரில் கடவுச்சொல் இல்லாத கணக்கு ஒன்று வரும். கடவுச்சொல் இல்லாமல் ஆளை எப்படி உள்ளே விடுகிறது? வாசலில் 'பாம்_செபெர்மிட்' என்று ஒரு கூறு நிற்கிறது. காவல் முழு விழிப்பில், அதாவது என்ஃபோர்சிங் நிலையில் இருந்தால் மட்டும் அது கதவைத் திறக்கும். காவல் தூங்கினால், பெர்மிசிவ் நிலையில் இருந்தால், ஆளை உள்ளே விடாது. அப்போது நீங்கள் எந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் செல்லாது, ஏனென்றால் கடவுச்சொல்லே இல்லை.

ஒரு நாள் இரவு ஏதோ சோதிக்க 'செட்என்ஃபோர்ஸ் 0' போட்டேன், லாபெத்யே (பர்மியத் தேநீர்) குடிக்கப் போனேன், மறந்தே போனேன். மறுநாள் சாயங்காலம் வழக்கமாக வரும் பெரியவர், "தம்பி, கம்ப்யூட்டர் என்னிடம் என்னவோ பாஸ்வேர்டு கேட்கிறதப்பா" என்று வந்து நின்றார். நான் அரை மணி நேரம் கணக்கின் அமைப்பைக் குடைந்தேன். கடைசியில் 'கெட்என்ஃபோர்ஸ்' என்று ஒரு சொல் தட்டியதும் பெர்மிசிவ் என்று பல்லிளித்தது.

ஆகவே இங்கே முதல் கட்டளை 'கெட்என்ஃபோர்ஸ்'. பெர்மிசிவ் என்றால் 'செட்என்ஃபோர்ஸ் 1'. அடுத்த முறை இயக்கும்போது மறுபடி பெர்மிசிவுக்கே போனால் '/இடிசி/எஸ்இலினக்ஸ்/கான்ஃபிக்' கோப்பில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். என்ஃபோர்சிங் என்றே காட்டியும் கேட்டால், '/இடிசி/செக்யூரிட்டி/செபெர்மிட்.கான்ஃப்' கோப்பில் 'எக்ஸ்கெஸ்ட்:எக்ஸ்க்ளூசிவ்' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். தொகுப்பை நிறுவாமல் கையால் கணக்கு உண்டாக்கியவர்களுக்கு இந்த வரி இருக்காது.

அந்த 'எக்ஸ்க்ளூசிவ்' என்ற சொல் இன்னொரு அறிகுறிக்கும் பதில். ஒரே நேரத்தில் ஒரே ஒரு விருந்தாளி அமர்வுதான் ஓடும், வெளியேறியதும் அவருடைய நிரல்கள் எல்லாம் கொல்லப்படும். ஒருவர் திரையைப் பூட்டிவிட்டு எழுந்து போனால் அடுத்தவர் நுழைய முடியாது. அது பிழை இல்லை.

"அனுமதி இல்லை" என்கிறது, எதனால் என்று தெரியவில்லை

முதல் சந்தேகம் எஸ்.இ.லினக்ஸ் மேல் போக வேண்டாம். கெர்னல் முதலில் சாதாரண அனுமதியைத்தான் பார்க்கும். அங்கேயே மறுத்துவிட்டால் எஸ்.இ.லினக்ஸ் வரை விஷயம் போகாது, பதிவும் விழாது. 'எல்எஸ் -எல்' போட்டு அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பிறகு:

ஏயுசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட்

ஏவிசி பெரிய எழுத்து. 'ரீசன்ட்' என்றால் கடைசி பத்து நிமிடம். ஆகவே விருந்தாளியை அதே தவறை இன்னொரு முறை செய்யச் சொல்லி, உடனே பாருங்கள்.

வரும் வரி நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். அதில் நான்கு இடம் போதும். சுருள் அடைப்புக்குள் இருப்பது, செய்ய முயன்ற காரியம்: படிக்க, எழுத, திறக்க. 'எஸ்காண்டெக்ஸ்ட்' என்பது முயன்றவரின் லேபிள், அதில் 'எக்ஸ்கெஸ்ட்_டி' இருந்தால் நம் விருந்தாளி. 'டிகாண்டெக்ஸ்ட்' என்பது தொடப்பட்ட பொருளின் லேபிள். கடைசியில் 'பெர்மிசிவ்=0' என்றால் நிஜமாகவே தடுத்தது; 1 என்றால் எழுதி மட்டும் வைத்தது, தடுக்கவில்லை, உங்கள் பிரச்சினைக்குக் காரணம் வேறு.

நான் நேரே போவது டிகாண்டெக்ஸ்டுக்கு. லேபிளின் மூன்றாவது பகுதி அந்த இடத்துக்குப் பொருத்தமானதா? எழுத்துரு அடைவில் இருக்கும் கோப்பின்மேல் 'ஃபான்ட்ஸ்_டி' இருக்க வேண்டிய இடத்தில் 'அட்மின்_ஹோம்_டி' இருந்தால் கதை முடிந்தது, லேபிள் தப்பு. பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றால் அதே வரியை 'ஆடிட்2ஒய்' கட்டளைக்குள் குழாய்போட்டு (நடுவில் | குறி) விடுங்கள். விதிப் புத்தகத்தில் ஆன், ஆஃப் செய்யக்கூடிய சுவிட்ச் ஏதாவது அணைந்திருந்தால் அதன் பெயரைச் சொல்லும்.

ஒன்றுமே பதிவாகவில்லையா? சில மறுப்புகளைப் பதிவில் எழுத வேண்டாம் என்று விதியிலேயே சொல்லியிருப்பார்கள். இல்லாவிட்டால் பதிவேடு குப்பையாகிவிடும். அந்த வாய்ப்பூட்டைக் கழற்ற 'செமாட்யூல் -டிபி', இரண்டும் பெரிய எழுத்து. தவறைச் செய்து பாருங்கள், பதிவைப் படியுங்கள், பிறகு 'செமாட்யூல் -பி' (இதுவும் பெரிய எழுத்து) போட்டு மறுபடி பூட்டுங்கள். பூட்ட மறந்தால் பதிவேடு ஊதிக்கொண்டே போகும்.

இன்னொரு காரணம் சிரிப்பாக இருக்கும். எங்கள் பழைய கணினி ஒன்றில் தாய்ப்பலகையின் பொத்தான் பேட்டரி செத்துவிட்டது. கரண்டு போய் வந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும், வலை கிடைத்ததும் திடீரென்று முன்னால் குதிக்கும். பதிவுகள் எல்லாம் பழைய தேதியில் விழுந்து கிடக்க, நான் 'ரீசன்ட்' தேடிக்கொண்டிருந்தேன். முதலில் 'டேட்' என்று தட்டிப் பாருங்கள். உலாவி எல்லாத் தளத்துக்கும் சான்றிதழ் பிழை காட்டுகிறதென்றாலும் முதல் சந்தேகம் கடிகாரம்தான், எஸ்.இ.லினக்ஸ் அல்ல.

எழுத்துருவோ பாடப் புத்தகமோ பிள்ளைகளுக்குத் திறக்கிறது, விருந்தாளிக்குத் திறக்கவில்லை

மியான்மர் 2019 அக்டோபர் 1 அன்று எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாறியது. ஆனாலும் பழைய ஸோஜி எழுத்துருவில் தட்டிய கோப்புகளைத் தூக்கிக்கொண்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். அதற்காக ஒரு ஸோஜி எழுத்துருவும் கூடவே நாலு தமிழ் எழுத்துருவும் போட்டு வைத்தேன். பிள்ளைகளின் கணினிகளில் சரியாக வந்தது. விருந்தாளிக்கு மட்டும் கட்டம் கட்டமாக வந்தது.

நான் செய்த தவறு 'எம்வி'. ரூட்டின் வீட்டு அடைவில் இறக்கி வைத்ததை எம்வி போட்டு '/யுஎஸ்ஆர்/ஷேர்/ஃபான்ட்ஸ்' அடைவுக்கு நகர்த்தினேன். நகர்த்தினால் கோப்பு தன் பழைய லேபிளோடே போகும். நகலெடுத்தால், அதாவது 'சிபி' என்றால், போன இடத்தின் லேபிளை வாங்கிக்கொள்ளும். ரூட் வீட்டு லேபிளை எக்ஸ்கெஸ்ட் தொடவே முடியாது. 'எல்எஸ் -இசட்' (இசட் பெரிய எழுத்து) போட்டதும் தெரிந்தது. தீர்வு ஒரு வரி:

ரிஸ்டோர்கான் -ஆர் -வி /யுஎஸ்ஆர்/ஷேர்/ஃபான்ட்ஸ்

அப்புறம் எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்க 'எஃப்சி-கேஷ்'. தமிழ்ப் பாட நூல்களின் பிடிஎஃப்களை '/யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்' கீழே வைத்திருக்கிறேன். அங்கே இயல்பாக விழும் லேபிளை எல்லா நிரலும் படிக்கலாம், ஆனால் விருந்தாளியால் எழுத முடியாது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஆசிரியரின் கோப்புகளை விருந்தாளி திறக்க முடிகிறது

இதைக் கேட்டுத்தான் எனக்கு ஒருமுறை வியர்த்தது. மோல்மேனிலிருந்து ஃபோன்: "அண்ணே, கட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா கெஸ்ட்டு என் போட்டோவையெல்லாம் பாக்குறான்."

காரணம் எளிது. ஃபெடோராவின் வழக்கமான விதியில் எல்லோருடைய வீட்டுக் கோப்புகளுக்கும் ஒரே வகை லேபிள்: 'யூசர்_ஹோம்_டி'. விருந்தாளி தன் வீட்டுக் கோப்பைத் திறக்க வேண்டும் என்பதால் அந்த வகையைத் தொட அவருக்கு அனுமதி உண்டு. ஒரு வீட்டையும் இன்னொரு வீட்டையும் பிரிப்பது பழைய சாதாரண அனுமதிதான். அந்தத் தம்பி எதற்கோ தன் வீட்டு அடைவை 755 ஆக்கி, அதாவது எல்லோரும் படிக்கும்படி, வைத்திருந்தார். சொந்தக்காரருக்கு மட்டும் என்று ஆக்க 'சிஎச்மாட் 700 /ஹோம்/(பெயர்)'. இரண்டு பூட்டும் வேண்டும். ஒன்று இருக்கிறதே என்று மற்றதைத் திறந்து வைக்கக் கூடாது.

வீட்டு அடைவை வேறு வட்டுக்கு மாற்றிய நாள் முதல் எல்லாம் தகராறு

இடம் போதாமல் புது வட்டு வாங்கி, வீடுகளை '/டேட்டா/ஹோம்' என்ற இடத்துக்கு மாற்றினால் இது வரும். விதிப் புத்தகத்துக்கு '/ஹோம்' மட்டும்தான் தெரியும். இதுவும் அது மாதிரிதான் என்று சொல்லிக்கொடுங்கள்:

செமேனேஜ் எஃப்காண்டெக்ஸ்ட் -ஏ -இ /ஹோம் /டேட்டா/ஹோம்

ரிஸ்டோர்கான் -ஆர் -எஃப் -வி /டேட்டா/ஹோம்

இங்கும் ஆரும் எஃப்பும் பெரிய எழுத்து. முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் போட்டால் நிலைமை இன்னும் கெடும்.

இணையம் வருகிறது, ஒரு பக்கம் மட்டும் வரவில்லை

எங்கள் மாணவன் ஒருவன் பைத்தானில் திருக்குறள் வினாடி வினா ஒன்று எழுதி, வகுப்புக் கணினியில் 5000 என்ற போர்ட் (வலைத் தொடர்பு நுழையும் வாசல்) எண்ணில் ஓட விட்டான். பிள்ளைகள் விளையாடினார்கள், விருந்தாளிக்கு வரவில்லை. போர்ட் எண்களுக்கும் லேபிள் உண்டு. 80, 443, 8008, 8443 போன்றவை 'எச்டிடிபி_போர்ட்_டி'. 5000க்கு வேறு பெயர் இருக்கிறது. 'செமேனேஜ் போர்ட் -எல்' முழுப் பட்டியலும் தரும். லேபிளை மாற்றியும் தீர்க்கலாம், ஆனால் அவனுடைய சர்வரை 80க்கு மாற்றியது சுலபமாக இருந்தது.

ஒரு பக்கமும் வராவிட்டால் 'கெட்எஸ்இபூல் எக்ஸ்கெஸ்ட்_கனெக்ட்_நெட்வொர்க்' பாருங்கள். ஆஃப் என்றால் 'செட்எஸ்இபூல் -பி எக்ஸ்கெஸ்ட்_கனெக்ட்_நெட்வொர்க் ஆன்'. பி பெரிய எழுத்து. அது இல்லாவிட்டால் அடுத்த முறை இயக்கும்போது மாற்றம் போய்விடும். உலாவி தவிர்த்த அரட்டைச் செயலிகள் ஓடவில்லை என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் சொல்வது: உலாவியில் திறக்க முடிந்ததைத் திறங்கள், மற்றது உங்கள் கைபேசியில்.

பென் டிரைவ் திறக்கவில்லை

சுவிட்ச்: 'எக்ஸ்கெஸ்ட்_மவுன்ட்_மீடியா'. ஆன் செய்தால் திறக்கும். செய்யலாமா என்பது உங்கள் முடிவு. எங்கள் ஊரில் பாட்டும் படமும் பாதி பென் டிரைவில்தான் கை மாறுகின்றன, கூடவே வைரஸும். நான் ஆன் செய்துதான் வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் அந்தக் கணினிக்கு யாரும் வரமாட்டார்கள். பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட் வடிவத்தில் இருக்கும், அதில் லேபிள் எழுத இடமே கிடையாது. மொத்த டிரைவுக்கும் ஒரே லேபிள்தான், ரிஸ்டோர்கான் அங்கே பலிக்காது.

இறக்கிய நிரல் ஓடுகிறது, அல்லது ஓட மறுக்கிறது

இது 'எக்ஸ்கெஸ்ட்_எக்ஸெக்_கன்டென்ட்' சுவிட்ச். இதன் இயல்பு நிலை பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது, ஆகவே பழைய புத்தகத்தை நம்பாமல் கெட்எஸ்இபூல் போட்டுப் பாருங்கள். நான் ஆஃப் செய்துவிட்டேன். அதனால் எல்லாம் அடைபட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கோப்பை நேரே ஓட்டுவதைத்தான் அது தடுக்கும். 'பாஷ்' என்றோ 'பைத்தான்' என்றோ தட்டி அதற்குப் பின்னால் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஓடுவது பாஷ், கோப்பு வெறும் படிக்கப்படும் தாள். ஓடினாலும் எக்ஸ்கெஸ்ட் கூண்டுக்குள்தான் ஓடும் என்பது ஆறுதல்.

சேமித்த கோப்பு மறுநாள் காணோம், கணினி ஊர்கிறது

இரண்டுக்கும் வேர் ஒன்று. எக்ஸ்கெஸ்ட் தொகுப்பு விருந்தாளியின் வீட்டையும் '/டிஎம்பி' அடைவையும் நினைவகத்தில் கட்டுகிறது. வெளியேறினால் வீடு இடிந்துவிடும். அடுத்தவருக்கு முந்தையவரின் மெயில் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு, ஆனால் ஒரு அம்மா இரண்டு மணி நேரம் தட்டிய விண்ணப்பம் அப்படித்தான் போனது. திரைக்கு மேலே "போகும் முன் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தமிழிலும் பர்மியத்திலும் எழுதி ஒட்டினேன். அதற்கு மேல் தொழில்நுட்பத் தீர்வு எதுவும் தேடவில்லை.

நினைவக வீட்டின் இயல்பான உச்ச அளவு மொத்த நினைவகத்தில் பாதி. எங்கள் கணினியில் இருப்பதே 2 ஜிபி. யாராவது ஒரு முழுப் படத்தை இறக்கினால் அது வட்டுக்குப் போகாது, நினைவகத்தில்தான் உட்காரும். 'டிஎஃப் -எச்' போட்டால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரியும். வெளியேறி நுழைந்தால் சரியாகிவிடும்.

தமிழ் தட்டச்சு அமைப்பும் இதே போல ஒவ்வொரு முறையும் மறைகிறது என்றால், அந்த அமைப்புக் கோப்புகளை '/இடிசி/ஸ்கெல்' அடைவில் வையுங்கள். புது வீடு கட்டும்போது அங்கிருந்துதான் சாமான் வருகிறது. ஆனால் ஸ்கெல்லில் வைப்பது இனி உண்டாக்கும் எல்லாக் கணக்குக்கும் போகும், அதை மறக்க வேண்டாம்.

யாரோ "சரிசெய்த" பிறகு விருந்தாளிக்கு எல்லாம் திறந்து கிடக்கிறது

'ஆடிட்2அலவ்' என்று ஒரு கருவி இருக்கிறது. பதிவில் உள்ள மறுப்புகளைப் படித்து, அவை அத்தனையையும் அனுமதிக்கும் விதியை எழுதித் தரும். பெகுவில் ஒருவர் ஒரு மாதப் பதிவை மொத்தமாக அதற்குள் கொட்டி, வந்த கூறை நிறுவிவிட்டார். பிரச்சினை உடனே தீர்ந்தது, விருந்தாளி செய்ய முயன்று தடுக்கப்பட்ட எல்லாமும் சேர்ந்து அனுமதி ஆனது. கள்ளன் எந்தெந்தக் கதவைத் தட்டினான் என்று பட்டியல் எடுத்து, அந்தக் கதவையெல்லாம் திறந்து வைத்த மாதிரி.

'செமாட்யூல் -எல்ஃபுல்' என்று தட்டுங்கள். ஒவ்வொரு கூறுக்கும் முன்னால் ஒரு எண் வரும். ஃபெடோராவோடு வந்தவை 100, நாம் கையால் சேர்த்தவை இயல்பில் 400. அந்த 400களில் தெரியாத பெயர் இருந்தால் 'செமாட்யூல் -ஆர் (பெயர்)', ஆர் சின்ன எழுத்து. சுவிட்சுகளில் யார் என்ன மாற்றினார்கள் என்பதற்கு 'செமேனேஜ் பூலியன் -எல் -சி', சி பெரிய எழுத்து. புது விதி எழுதியே தீர வேண்டும் என்றால் ஒரே ஒரு மறுப்பு வரியை மட்டும் கொடுத்து, அது எழுதும் விதியைக் கண்ணால் படித்துவிட்டு நிறுவுங்கள்.

கரண்டு போய் வந்த பிறகு இயங்கவே நேரம் எடுக்கிறது, அல்லது ஒருவருக்கும் நுழைய முடியவில்லை

இடையில் யாராவது எஸ்.இ.லினக்ஸை முழுதாக அணைத்து ஓட்டியிருந்தால், அப்போது எழுதிய கோப்புகளுக்கு லேபிளே இருக்காது. மறுபடி இயக்கும்போது கணினி வட்டு முழுவதையும் லேபிள் ஒட்டத் தொடங்கும். பழைய வட்டில் இது ஒரு சாப்பாட்டு நேரம் பிடிக்கும். திரையில் நட்சத்திரமும் விழுக்காடும் மட்டும் வரும், பழுதாகிவிட்டது என்று பொத்தானை அழுத்தி அணைத்துவிடாதீர்கள்.

நடுவில் கரண்டு போனால்? பெரிய கெடுதல் இல்லை. வேலை முடிந்த பிறகுதான் '/.ஆட்டோரீலேபிள்' என்ற அடையாளக் கோப்பு அழிக்கப்படும். ஆகவே அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். முதலிலிருந்து என்பதுதான் சங்கடம். எங்கள் பேட்டையில் கரண்டு முறை வைத்து வருகிறது, எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் இந்த வேலையை நான் கோயில் ஜெனரேட்டர் ஓடும் விசேஷ நாளில் வைத்துக்கொள்வேன். நாமாகத் தொடங்க: 'ஃபிக்ஸ்ஃபைல்ஸ் -எஃப் ஆன்பூட்', எஃப் பெரிய எழுத்து, பிறகு மறுஇயக்கம்.

நுழைவுத் திரையே வராவிட்டால் இயக்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'என்ஃபோர்சிங்=0' சேர்த்துக் கன்ட்ரோலோடு எக்ஸ் அழுத்துங்கள். 'எஸ்இலினக்ஸ்=0' போடாதீர்கள், பழகிய கை அதற்குத்தான் போகும். அது காவலையே வீட்டுக்கு அனுப்பிவிடும், லேபிள் இல்லாத கோப்புகள் இன்னும் கூடும். முன்னது தடுக்காமல் எழுதி வைக்கும், லேபிள்களும் தொடர்ந்து விழும். உள்ளே போய், பதிவைப் பார்த்து, ஃபிக்ஸ்ஃபைல்ஸ் போட்டு, சாதாரணமாக மறுஇயக்கம் செய்யுங்கள். இந்த ஒருமுறை இயக்கத்தில் மட்டும் விருந்தாளி கடவுச்சொல் கேட்கிறதே என்று யாராவது வந்தால், அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.